வாயிரும்பும் வாயின் மறுப்பும்: குதிரையேற்ற நூல்கள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

குதிரையேற்றக் கலை பற்றி எழுதப்பட்ட முதன்மை நூல்கள் பலவும் ஏதோ ஓரிடத்தில் ஒரே வினாவை எதிர்கொள்கின்றன. கடிவாளத்தின் தொடுகையை ஏற்க மறுக்கும் குதிரைக்கு எத்தகைய கடிவாளம் பொருந்தும் என்பதே அவ்வினா. தலையை உயர்த்தி இழுப்பிலிருந்து தப்ப முனையும் குதிரை, முகவாயை மார்போடு ஒடுக்கி வாரைத் தளர்த்திவிடும் குதிரை, வாயைப் பிளந்து நாவை இரும்பின் மேல் தூக்கிப் போடும் குதிரை, தன் பாரத்தையெல்லாம் சவாரியாளரின் கையில் சாய்த்துவிடும் குதிரை என அம்மறுப்பு பல வடிவங்களை எடுக்கிறது. மேலோட்டமாக நோக்கினால் இது லாயத்துக்குள் தீர்க்கப்பட வேண்டிய சிறு தொழில் வினாவே. ஆயினும் ஒரு நூலாசிரியர் அதற்கு அளிக்கும் விடை, தனக்குக் கீழுள்ள ஓர் உயிரை அவர் எவ்வாறு நோக்குகிறார் என்பதைத் தெளிவாகக் காட்டிவிடுகிறது.

தமிழில் விலங்கை வாயில்லா ஜீவன் என்கிறோம். குதிரையைப் பொறுத்தவரை மனிதன் அதனோடு பெரும்பாலும் உரையாடுவது வாயின் வழியாகவே என்பது நோக்கத்தக்கது. அவ்வுரையாடலில் குதிரையின் மறுப்பைக் குற்றமாகக் கொண்ட நூல்கள் கடுமையான இரும்பைப் பரிந்துரைத்தன. அதனை ஒரு செய்தியாகக் கொண்ட நூல்கள் காரணத்தைத் தேடின. இந்த இரு போக்குகளும் வெவ்வேறு நாகரிகங்களில் தனித்தனியே நிலவியவை எனக் கருதுவது தவறு. கிரேக்கம், அரபுலகம், ஐரோப்பா ஆகிய மூன்றிலும், சில வேளை ஒரே நூலுக்குள்ளும், அவை அருகருகே காணப்படுகின்றன. அவற்றைப் பிரித்தறிந்து, இன்றைய தேர்வுக்கு உதவக்கூடியது எது எனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடிவாளம் என்ற சொல் தலைவார், கைவார், வாயினுள் கிடக்கும் இரும்பு ஆகிய அனைத்தையும் சேர்த்தே குறிப்பதால், வாயினுள் கிடக்கும் பகுதியை மட்டும் இங்கு வாயிரும்பு எனக் குறிப்பிடுகிறோம். குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே கீழ்த்தாடையில் பல்லில்லாத ஓர் இடைவெளி உண்டு. மெல்லிய ஈறு எலும்பைப் போர்த்தியிருக்கும் அவ்விடத்திலும் அதை ஒட்டிய நாவிலுமே வாயிரும்பு தங்குகிறது. எனவே வாரில் ஏற்படும் ஒவ்வோர் அசைவும் உணர்ச்சி மிகுந்த ஓர் உறுப்பைச் சென்றடைகிறது.

கிரேக்கத் தொடக்கம்

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் நகரத்தவரான ஸெனபோன் எழுதிய குதிரையேற்ற நூல், இத்துறையில் முழுமையாக நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல்களுள் ஒன்றாகும். இரும்பை வாயில் மிக உள்ளே வைத்தால் வாய் மரத்துப்போகும் என்றும், மிக முன்னே வைத்தால் குதிரை அதைப் பற்களால் கவ்விக்கொண்டு அடங்காதிருக்கும் என்றும் அவர் எச்சரிக்கிறார். வழவழப்பானது ஒன்று, கரடுமுரடானது ஒன்று என இரு வாயிரும்புகளை வைத்திருக்குமாறு கூறுகிறார். கரடான இரும்பின் உறுத்தலை அறிந்த குதிரை, பின்னர் வழவழப்பானதைப் பெறும்போது மகிழ்ந்து, முன்னதில் கற்றதைப் பின்னதில் விருப்பத்தோடு செய்யும் என்பது அவரது வாதம்.

இவ்விடத்தில் ஸெனபோனை விமர்சன நோக்கோடு அணுக வேண்டியுள்ளது. கட்டாயத்தின் பேரில் குதிரை செய்வது எதையும் அது புரிந்து செய்வதில்லை என்ற கருத்தைத் தமக்கு முந்திய ஸைமன் என்பாரிடமிருந்து எடுத்துப் போற்றுபவரும் இவரே. அவ்வாறாயின், முள் பதித்த இரும்பைக் கொண்டு பாடத்தைத் தொடங்குவது எவ்வாறு பொருந்தும்? வலியை ஆசானாகவும், வலி நீங்குதலைப் பரிசாகவும் வைக்கும் இம்முறை, அவரது நூலின் சிறந்த பகுதியோடு முரண்படுகிறது. அவரது மென்மை உண்மையானதே. எனினும் அது வலியின் நிழலிலேயே நிற்கிறது.

ஆனால் அதே அத்தியாயத்தில் காலத்தால் அழியாத ஓர் அவதானம் உண்டு. வளையாத இரும்பைக் குதிரை எந்த இடத்தில் பற்றினாலும் முழுவதையும் பற்றிவிடுகிறது. சங்கிலிபோல் நெகிழும் இரும்பிலோ, பற்றிய பகுதி தவிர ஏனையது நழுவிக்கொண்டே இருப்பதால், குதிரை அதில் சாய்ந்து நிற்க இயலாது என்கிறார். இங்கு அவர் தண்டனையைப் பற்றிப் பேசவில்லை. பொருளின் அமைப்புக்கும் வாயின் செயலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிப் பேசுகிறார். வாயிரும்பைத் தேர்வது பற்றிய அறிவார்ந்த சிந்தனை இவ்வவதானத்தில்தான் தொடங்குகிறது எனலாம்.

இரு கலைகளின் இணைவு

அரபு மொழியில் குதிரையியல் ஒரு தனி அறிவுத் துறையாக வளர்ந்தது. ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டில் அப்பாஸிய ஆட்சிக் காலத்தில் வாழ்ந்த இப்னு அகீ ஹிஸாம் அல்-குத்தலீ எழுதிய நூல், குதிரையேற்றமாகிய ஃபுரூஸிய்யாவையும் கால்நடை மருத்துவமாகிய பைதராவையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டது. மம்லூக் சுல்தான் அந்-நாஸிர் முஹம்மத் இப்னு கலாவூனின் காலத்தில், கி.பி. 14ஆம் நூற்றாண்டில், அவருக்காக அபூபக்ர் இப்னு பத்ர் அல்-பைதார் எழுதிய பெருநூல் 'காமில் அஸ்-ஸினாஅதைன்' என்ற பெயரைப் பெற்றது. இரு கலைகளின் நிறைவு என்பது அதன் பொருள். அவ்விரு கலைகள், குதிரைக்கு மருத்துவம் செய்வதும் குதிரையைப் பேணிப் பழக்குவதுமாகும். நிகோலா பெரோன் 1852 முதல் 1860 வரையான காலத்தில் இந்நூலை மூன்று பாகங்களாகப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார்.

இந்தத் தலைப்பிலேயே நமது வினாவுக்கான விடையின் பாதி அடங்கியுள்ளது. தொடுகையை மறுக்கும் குதிரையிடம் முதலில் எவர் செல்ல வேண்டும்? பழக்குபவர் மட்டும் சென்றால், அவர் மறுப்பைக் கீழ்ப்படியாமையாகவே காண்பார். மருத்துவர் மட்டும் சென்றால், புண் ஆறியபின் எஞ்சியிருக்கும் அச்சத்தை அவர் காணமாட்டார். இரு கண்களும் ஒருங்கே தேவை. இரு கலைகளையும் ஒரே நூலில், ஒரே அறிஞரின் பொறுப்பில் வைத்த மரபு, பிற்காலத்தில் துறைகள் பிரிந்தபோது இழக்கப்பட்ட ஒன்றைப் பேணி வைத்திருந்தது.

கலை இன்றி விலங்கு மட்டும் பயணம் செய்தால் நேர்வது யாது என்பதற்குத் தென்னிந்தியக் கடற்கரையின் வரலாறே சான்று. கி.பி. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரசீக வளைகுடாத் துறைமுகங்களிலிருந்து மஃபர் எனப்பட்ட பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் பெருந்தொகைக் குதிரைகள் இறக்குமதியாயின என வஸ்ஸாஃப் எழுதியுள்ளார். அங்கு அவை பேணுவாரின்றி விரைவில் மடிந்தன என்றும், விற்பனை குறைந்துவிடாதிருக்க வணிகர்கள் குதிரை மருத்துவர்கள் அங்கு செல்லாதபடி பார்த்துக்கொண்டனர் என்றும் மார்கோ போலோ கூறுகிறார். வெளிநாட்டுப் பயணி ஒருவரின் இக்கூற்றை முழுமையாக ஏற்காவிடினும், குதிரையின் விலை அறியப்பட்ட இடத்தில் குதிரையின் கலை உடன் வரவில்லை என்ற அளவில் அது சிந்திக்கத்தக்கது.

ஆயினும் நமது மரபைப் புகழ்ந்துரைப்பதோடு நின்றுவிடுதல் விமர்சனமாகாது. வடஆப்பிரிக்காவிலும் அந்தலூஸிலும் மம்லூக்குகளிடையேயும் வழங்கிய வளைய வாயிரும்பு, மிகக் கடுமையான வகைகளுள் ஒன்று. வாயினுள் மேல்நோக்கி எழும் ஒரு தகடும், கீழ்த்தாடையைச் சுற்றிப் பிடிக்கும் ஒரு வளையமும் அதில் உண்டு. ஒரு கையில் ஆயுதமும் மறு கையில் வாருமாகக் குதிரையை நொடியில் நிறுத்தித் திருப்ப வேண்டிய போர்க்களத் தேவை அதற்குக் காரணம் என விளக்கலாம். அவ்விளக்கம் வலியைக் குறைத்துவிடுவதில்லை. தேர்ந்த கையில் அது நுண்ணிய கருவி. தேராத கையில் தாடையை நசுக்கும் பொறி.

இதற்கு நேர்மாறான வழக்கமும் அரபு மண்ணிலேயே இருந்தது. 1879இல் யூப்ரடீஸ் பகுதிப் பதவிகள் குறித்தும் 1881இல் நஜ்து குறித்தும் நூல்கள் வெளியிட்ட ஆன் பிளண்ட் அம்மையார், பாலைவன அரபிகள் வாயிரும்பு இன்றி வெறும் தலைக்கயிற்றோடு குதிரைகளைச் செலுத்தியதைப் பதிவு செய்துள்ளார். சொற்களின் வரலாறும் இதை விந்தையான முறையில் எதிரொலிக்கிறது. வாயிரும்பைக் குறித்த 'ஷகீமா' என்ற அரபுச் சொல், ஸ்பானிய மொழியில் 'ஹாக்கிமா' எனத் திரிந்து தலைக்கயிற்றைக் குறிக்கலாயிற்று. அங்கிருந்து அமெரிக்க மாட்டுப் பண்ணையாளர்களிடம் 'ஹாக்கமோர்' என்ற பெயரில் வாயிரும்பே இல்லாத கடிவாளமாக நிலைபெற்றது.

ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள ஒரு சம்பவம் இங்கு நினைவுகூரத்தக்கது. எளிதில் வசப்படாத ஓர் ஒட்டகத்தின் மீது ஏறிய ஆயிஷா (ரழி) அவர்கள் அதனை அங்குமிங்குமாக இழுத்துச் செலுத்தலானார்கள். அப்போது நபி (ஸல்) அவர்கள் மென்மையைக் கடைப்பிடிக்குமாறு அவர்களுக்கு அறிவுறுத்தினார்கள். முரண்டு செய்தது விலங்கு. அறிவுரை சென்றதோ அதைச் செலுத்தியவருக்கு. வாயிரும்பைப் பற்றிய நூல்களை எடைபோடுவதற்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் வேறில்லை. திருத்தம் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை ஒரு நூல் எவ்வாறு முடிவு செய்கிறது என்பதே கேள்வி.

ஐரோப்பிய ஏடுகளில் கையும் வாயும்

இந்த அளவுகோலால் நோக்கும்போது, 1550இல் நேப்பிள்ஸில் வெளியான ஃபெதெரிகோ கிரிஸோனேயின் நூல் தாழ்ந்தே நிற்கிறது. விதவிதமான வாயிரும்புகளின் படங்கள் அதில் இடம்பெறுகின்றன. ஒவ்வொரு குதிரையின் குறைக்கும் ஓர் இரும்பு என்ற எண்ணம் அப்பக்கங்களில் ஆட்சி செய்கிறது. மருத்துவன் நோயைக் காணாமலே மருந்துப் பெட்டியைத் திறப்பது போன்றது இது. முரண்டு செய்யும் குதிரைக்கு அவர் கூறும் தண்டனைகள் இன்றைய வாசகரைத் திடுக்கிடச் செய்பவை.

1733இல் முழுமை பெற்ற லா கெரினியேரின் நூல் வேறொரு திசையில் செல்கிறது. சவாரியாளரின் கையை அவர் மூவகையாகப் பிரிக்கிறார். வாயின் தொடுகையை உணராத இலேசான கை, மெல்லென உணரும் மென்மையான கை, முழுமையாகத் தாங்கும் உறுதியான கை என்பன அவை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திடீரெனத் தாவாமல், உறுதியிலிருந்து மென்மைக்கும் மென்மையிலிருந்து இலேசுக்கும் படிப்படியாகச் செல்ல வேண்டும் என்பது அவரது விதி. இங்கு வாயிரும்பு பின்னணிக்குச் சென்று, கை ஆய்வுக்குரிய பொருளாகிறது. இது இத்துறையின் சிந்தனையில் நேர்ந்த பெரும் திருப்பம் எனலாம்.

1842இல் தமது முறையை வெளியிட்ட பிரான்சுவா போஷே மேலும் ஒரு படி சென்றார். கடின வாய், மென்மையான வாய் என்று குதிரைகளைப் பிரிக்கும் பழைய வழக்கத்தை அவர் மறுத்தார். எதிர்ப்பு வாயில் வெளிப்பட்டாலும் அதன் வேர் உடலின் சமநிலைக் குறைவில் உள்ளது என வாதிட்டு, எல்லாக் குதிரைக்கும் ஒரே மென்மையான வாயிரும்பு போதும் என்றார். கடின வாய் என்ற பழியைக் குதிரையின் மீதிருந்து நீக்கியது அவரது பெருமை. எனினும், வாய்க்கு வாய் அமைப்பு வேறுபடுவதை அவர் குறைத்து மதிப்பிட்டார். கழுத்தையும் தாடையையும் வளைக்கும் அவரது பயிற்சிகள் பிறர் கையில் மிகைப்பட்டபோது, முகவாயை மார்போடு ஒடுக்கிக்கொள்ளும் குதிரைகள் உருவாயின. அந்நிலை பணிவைப் போலத் தோன்றும். உண்மையில் அது தொடுகையிலிருந்து பின்வாங்குதலே. மறுப்பின் வடிவங்களுள் மிக எளிதாகப் பாராட்டப்பட்டுவிடுவது இதுவே.

வாயினுள் கண்டவை

நூலாசிரியர்கள் ஊகித்தவற்றுள் சிலவற்றை அண்மைக்கால ஆய்வுகள் நேரடியாகக் காட்டியுள்ளன. 1984இல் ஹிலரி கிளேட்டன், லீ ஆகியோர் ஊடுகதிர்த் திரையில் குதிரையின் வாயை நோக்கினர். இத்தகைய ஆய்வுகளால், நாவும் அண்ணமும் வாய்க்குழியை ஏறத்தாழ நிரப்பியிருப்பதும், இரும்பு நாவை அழுத்தியே தனக்கு இடம் பெறுவதும், குதிரை தன் நாவை இழுத்தும் உயர்த்தியும் இரும்பை நகர்த்த முயல்வதும் தெளிவாயின. தடித்த இரும்பே மென்மையானது என்ற பரவலான நம்பிக்கை இதனால் தளர்ந்தது. தடித்த இரும்பு அழுத்தத்தைப் பரப்புகிறது என்பது உண்மையே; ஆனால் சிறிய வாயில் அதற்கு இடமில்லை.

2019இல் வெளியான பின்லாந்து ஆய்வொன்று மேலும் கவனத்துக்குரியது. பந்தயம் முடிந்த 261 வண்டிப் பந்தயக் குதிரைகளின் வாயைச் சோதித்தபோது, 84 விழுக்காட்டில் வாயிரும்பு தங்கும் பகுதியில் புதிய காயங்கள் காணப்பட்டன. வாய்க்கு வெளியே இரத்தம் தெரிந்தவை சுமார் 2 விழுக்காடு மட்டுமே. சவாரிக் குதிரைகள் அனைத்துக்கும் இவ்வெண்ணை விரித்துரைப்பது முறையன்று. எனினும் வெளியே ஒன்றும் தெரியவில்லை என்பது உள்ளே ஒன்றும் இல்லை என்பதற்குச் சான்றாகாது என்ற உண்மை இதனால் உறுதியாகிறது.

இதன் ஒளியில், வாயைத் திறக்கும் குதிரைக்கு மூக்குப்பட்டையை இறுக்கிக் கட்டும் வழக்கத்தை நோக்க வேண்டும். இறுகிய பட்டை வாயின் மறுப்பை அகற்றுவதில்லை. அது வெளிப்படும் வழியை அடைக்கிறது. சாட்சியின் வாயைக் கட்டிவிட்டு வழக்கில் வென்றதாகக் கூறுவதற்கு இது ஒப்பாகும்.

தேர்வின் ஒழுங்கு

மேற்கூறியவற்றிலிருந்து, வாயிரும்பைத் தேர்வதற்கான ஓர் ஒழுங்கைப் பெறலாம். அவ்வொழுங்கில் இரும்பு இறுதியிலேயே வருகிறது.

முதலாவது, வாய். கடைவாய்ப் பற்களின் கூரிய விளிம்புகள், அவற்றின் முன்னே சில குதிரைகளுக்கு முளைக்கும் ஓநாய்ப் பல் எனும் சிறு பல், ஈற்றிலும் நாவிலும் உள்ள தழும்புகள் ஆகியவற்றை மருத்துவர் சோதிக்க வேண்டும். ஏறத்தாழ இரண்டரை வயது முதல் ஐந்து வயது வரை குதிரையின் பாற்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கின்றன. அப்பருவத்து மறுப்பைக் குணக்கேடாகக் கொள்வது அநீதி.

இரண்டாவது, உடல். பொருந்தாத சேணமும் முதுகுவலியும் கால்நோவும்கூட வாயில் வந்து பேசும். தலையை உயர்த்தும் குதிரை பல வேளைகளில் முதுகைக் காத்துக்கொள்கிறது.

மூன்றாவது, கை. நிலையான கையுடைய வேறொருவர் அதே குதிரையை அதே கடிவாளத்தோடு செலுத்திப் பார்க்கட்டும். மறுப்பு தணியுமானால், குறை எங்குள்ளது என்பது தெளிவு.

நான்காவதே வாயிரும்பு. அதன் அகலம் உதடுகளைக் கிள்ளாமலும், பக்கவாட்டில் வழுக்கி ஓடாமலும் இருக்க வேண்டும். தடிமன் வாயின் இடத்துக்கு ஏற்ப அமைய வேண்டும். உதட்டோரம் எத்தனை மடிப்புகள் விழுகின்றன என்ற பழைய கணக்கை மட்டும் நம்பாமல், உள்ளே இரும்பு எங்கு படிகிறது என்பதைத் திறந்து பார்த்தல் நன்று. அதன்பின் மறுப்பின் வடிவத்தை வாசிக்கலாம். நடுவில் ஒரே மூட்டுள்ள இரும்பில் தலையை உதறும் குதிரைக்கு, நடுவே சிறு துண்டு பொருத்திய இருமூட்டு இரும்போ, மெல்ல வளைந்த மூட்டில்லா இரும்போ அமைதி தரக்கூடும். நாவை இரும்பின் மேல் போடும் குதிரைக்கு நாவுக்கு இடம் விடும் வளைவு தேவை. இரும்பு மிகத் தாழ்ந்து தொங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். தொடுகைக்கு அஞ்சி ஒடுங்கும் குதிரைக்கு, பக்க வளையம் அசையாத, வாயில் நிலையாகத் தங்கும் மென்மையான இரும்பு துணிவளிக்கும். அதற்கு நெம்புகோல் வகை அறவே ஆகாது. கையில் சாயும் குதிரைக்கு, ஸெனபோன் கூறியபடி, பற்றிக்கொள்ள இடம் தராத அசையும் வகை உதவலாம். ஆயினும் அதற்கு வேண்டிய உண்மையான மருந்து சமநிலைப் பயிற்சியே. வாய் புண்பட்டிருந்தாலும், எந்த இரும்பையும் அது ஏற்காதபோதும், பாலைவன அரபியின் தலைக்கயிறு தோல்வியின் அடையாளமன்று. அதுவும் ஒரு தேர்வே.

புதிய இரும்பைப் பூட்டிய முதல் நாளில் குதிரை அமைதியாவதைக் கொண்டு தீர்ப்பளித்தலும் கூடாது. பழகாத ஒன்றின் முன் விலங்கு சிறிது நேரம் திகைத்து அடங்கும். சில வாரங்கள் கடந்தபின், அது தானாகக் கழுத்தை நீட்டிக் கையைத் தேடி வருகிறதா என்பதே உரைகல்.

நிறைவாக

தமிழில் வாயிரும்புக்கு வழங்கும் கலினம் என்ற பழஞ்சொல், வடமொழி வழியாகக் கிரேக்கத்தின் 'கலினோஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது அறிஞர் கருத்து. நாம் அன்றாடம் வழங்கும் லகான் பாரசீகத்திலிருந்து வந்தது. அரபியின் 'லிஜாம்' என்பதும் அதே மூலத்தினது. பல நாடுகளைக் கடந்து கருவியும் அதன் பெயரும் நம்மிடம் வந்துள்ளன. அக்கருவியை எப்போது தளர்த்த வேண்டும் என்ற அறிவு மட்டும் அவ்வாறு எளிதாகக் கைமாறுவதில்லை. அது ஒவ்வொரு கையும் ஒவ்வொரு வாயின் முன்னும் புதிதாகக் கற்க வேண்டியது.

ஸெனபோனின் நெகிழும் இரும்பு பற்றிய அவதானம், இரு கலைகளை ஒன்றாக்கிய மம்லூக் காலத்து மருத்துவரின் நோக்கு, கையை அளந்த லா கெரினியேரின் விதி ஆகிய மூன்றும் நிலைத்து நிற்கின்றன. இவர்கள் மூவரும், வெவ்வேறு அளவில், குதிரையின் மறுப்புக்குச் செவிகொடுத்தனர். முள்ளிரும்பும் தண்டனைப் பட்டியலும் வரலாற்றுச் சான்றுகளாக மட்டுமே எஞ்சுகின்றன. மறுக்கும் குதிரையை அடக்கும் இரும்பு எளிதில் கிடைக்கும். அதன் மறுப்புக்குக் காரணம் இல்லாமற்செய்யும் இரும்பைத் தேடுவதற்கே அறிவும் பொறுமையும் வேண்டும்.